முதுகுத்தண்டு அடிபட்ட நரம்பு வலிக்கு டிஎம்எஸ்: மெஷினுக்கு 5க்கு 4, கவுண்டருக்கு 1

அண்ணனுக்கு முதுகுத்தண்டு அடிபட்டதுல இருந்து இடுப்புக்குக் கீழ தொட்டாக்கூட தெரியாது, ஆனா அதே காலுதான் ராத்திரியில எரியுது, கரண்ட் அடிக்குதுன்னு தூங்க மாட்டாரு. கால்ல ஒண்ணும் இல்லங்க, கீழ இருந்து தகவல் வராம போனதுல தண்டுவடமும் மூளையும் தானாவே வலிய உண்டாக்குதாம். நரம்பு வலி மாத்திரை ப்ரீகாபலின், காபாபென்டின் ரெண்டும் பாத்தாச்சு, வலி கொஞ்சம் கொறையும் ஆனா பகல்லயே வீல்சேர்ல தூங்கி வழிவாரு, அதான் டவுன் பக்கம் ஒரு தனியார் கிளினிக்ல ஆர்டிஎம்எஸ் (மூளைக்குத் திரும்பத் திரும்ப காந்தத் துடிப்பு விடுற டிஎம்எஸ்) பண்ணிப் பாத்தோம், பேரு வேணாம்.

ஊசி, மயக்க மருந்து எதுவும் கிடையாது. எட்டு மாதிரி வளைஞ்ச ஒரு கம்பிச் சுருள தலைமேல மோட்டார் கார்ட்டெக்ஸ் (கை கால் அசைவ நடத்துற மூளைப் பகுதி) இருக்குற எடத்துல வெச்சு காந்தத் துடிப்பு அனுப்புறாங்க. கால் அசையாதுல்ல, அதனால மொதல்ல ஒவ்வொரு துடிப்பா விட்டு கை விரல் துள்ளுதான்னு பாத்துதான் எடத்தையும் அளவையும் புடிக்கிறாங்க, அப்புறம் அத விட கொஞ்சம் கம்மியா வெச்சு செகண்டுக்கு 10 துடிப்பு, கொஞ்ச நேரம் அடிக்கும் நிக்கும் திரும்ப அடிக்கும். சத்தம் சும்மா இல்ல, காதுல அடைப்பான் குடுத்துடுறாங்க. "யாரோ மண்டையில சுண்டிக்கிட்டே இருக்குற மாதிரி இருக்குடா"ன்னாரு. சாயங்காலம் லேசா தலைவலி, அவ்ளோதான்.

மெஷின் போடுற அக்கா ரொம்ப பொறுமை. வலிப்பு வந்திருக்கா, பேஸ்மேக்கர் இருக்கா, தலைக்குள்ள கிளிப் இருக்கா, காதுல இம்ப்ளான்ட் இருக்கான்னு ஒண்ணு விடாம கேட்டாங்க, முதுகுல இருக்குற கம்பி பத்தியும் எக்ஸ்ரே பாத்துட்டுதான் ஆரம்பிச்சாங்க.

கவுண்டர்லதான் கடுப்பு. எஃப்டிஏ (அமெரிக்காவோட மருந்து, கருவி கட்டுப்பாட்டு அமைப்பு) அப்ரூவ்டுன்னு பெருசா போஸ்டர், ஆனா அவங்க 2008ல அனுமதி குடுத்தது மனச்சோர்வுக்கு, இந்த வலிக்கு இல்ல. கேட்டா சிரிச்சுக்கிட்டே பேக்கேஜ் பேப்பர நீட்டுறாங்க, முழுப் பணமும் முன்னாடியே கட்டணுமாம். ஆய்வெல்லாம் எடுத்துப் படிச்சா இவ்ளோ அடிச்சுச் சொல்ல முடியாது லா. பல ஆய்வுகளச் சேத்து அலசுற காக்ரேனோட 2018 தொகுப்புலயே மோட்டார் கார்ட்டெக்ஸ்ல வேகமா அடிச்சா கொஞ்ச காலத்துக்கு வலி கொஞ்சம் கொறையலாம், ஆதாரம் பலமா இல்லங்கிற அளவுக்குத்தான் இருக்கு. தலையில ஈர ஸ்பாஞ்ச் வெச்சு 2 மில்லிஆம்பியர் கரண்ட் 20 நிமிஷம் விடுற டிடிசிஎஸ்ஸும் அங்க இருக்கு, அதுக்கு அவங்க காட்டுனது 2006ல பிரேசில்ல வந்த ஆய்வு, தண்டுவடம் அடிபட்டவங்களுக்கே பண்ணி வலி கொறஞ்சிருக்கு, நல்ல விஷயம்தான், ஆனா மொத்தமே 17 பேரு.

அண்ணனுக்கு எரிச்சல் முழுசா போகல, ஆனா கரண்ட் அடிக்கிறது நல்லாவே கொறஞ்சு நடுராத்திரி எழுந்திரிக்காம தூங்குனாரு, வீட்ல எல்லாருமே தூங்குனோம். நிறுத்தி சில வாரத்துல மெதுவா திரும்ப ஆரம்பிச்சிருச்சு. மாத்திரைய நிறுத்தல, நிறுத்தச் சொன்னா நம்பாதீங்க.

போறவங்க மொதல்ல அரசாங்க ஆஸ்பத்திரி வலி கிளினிக்ல கேட்டுட்டுப் போங்க, பேக்கேஜ் வேணாம் தடவைக்குத் தடவை கட்டுறேன்னு அடம் புடிங்க. வீல்சேர்னா முன்னாடியே போன் பண்ணிருங்க, லிஃப்ட் இருக்கு ஆனா வீல்சேர் டாய்லெட் வேற மாடியில. எங்களுக்கு இன்னும் ரினியூ பண்ணுங்கன்னு வாட்ஸாப் வந்துக்கிட்டே இருக்கு, அண்ணன் அந்த அக்கா இருந்தா மட்டும் யோசிக்கலாங்கிறாரு.