எஃப்எஸ்டாப் படிக்கும் சி ஃபங்ஷன்கள்: பாவித்துப் பார்த்ததில்

கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு ஸ்ரூடியோவுக்கு பாக்கப் ப்ரோகிராம் எழுதுகிறேன். கலியாணவீட்டு வீடியோ எல்லாம் இரவில் வெளி டிஸ்க்குக்குப் போகவேணும். லினக்ஸில் எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் ஏறவேணும் (மவுண்ட் ஆகவேணும்) என்று எழுதியிருக்கும் கோப்புதான் எஃப்எஸ்டாப். அதைப் படிக்க ஜிலிப்சி என்ற சி நூலகத்தில் இருக்கும் இரண்டு ஃபங்ஷன் குடும்பங்களையும் பாவித்தேன்.

முதலாவது கெட்எஃப்எஸ்என்ட் குடும்பம். 4.0 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் காலத்துப் பழைய சரக்கு, ஆனால் கைக்கு இதமானது. கோப்பை நாம் திறக்கத் தேவையில்லை. கெட்எஃப்எஸ்ஃபைலிடம் மவுண்ட் செய்யும் ஃபோல்டரைச் சொன்னால் டிவைஸ், வகை, ஒப்ஷன்கள் எல்லாம் ஒரே ஸ்ட்ரக்டில் (தரவுத் தொகுப்பில்) வந்துவிடும். டிவைஸ் பெயரைக் கொண்டு தேடும் கெட்எஃப்எஸ்ஸ்பெக்தான் கரைச்சல். அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. இப்போது எஃப்எஸ்டாப்பில் பெரும்பாலும் டிஸ்க்கின் அடையாள எண்ணான யூயூஐடிதானே எழுதியிருக்கும்? எஸ்டிபி1 என்று டிவைஸ் பெயரால் கேட்டால் நல் (வெறும் விடை) தான் கிடைக்கும். தரும் ஸ்ட்ரக்டும் ஸ்டாட்டிக். அடுத்த தடவை கூப்பிட்டால் பழையது அழியும். ஒரே நேரத்தில் பல வேலை ஓடும், த்ரெட் உள்ள ப்ரோகிராமுக்கு ஆகாது.

இதைவிடப் பெரிய விசயம், எஃப்எஸ்டாப்பில் வரி இருந்தால் டிஸ்க் ஏறியிருக்கிறது என்று அர்த்தமில்லை. டிஸ்க் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லும் நோஃபெயில் ஒப்ஷனைப் போட்டிருந்தால், கரண்ட் நின்று வரும்போது டிஸ்க் கழன்றிருந்தாலும் மெசின் பேசாமல் எழும்பும். ஃபோல்டரும் அங்கேயே வெறுமையாக இருக்கும். கெட்எஃப்எஸ்ஃபைலை மட்டும் நம்பிய ப்ரோகிராம் அத்தனை வீடியோவையும் சிஸ்டம் டிஸ்க்கில் கொட்டி நிரப்பிவிடும்.

அதனால் என் ஓட்டு இரண்டாவது குடும்பமான கெட்எம்என்டிஎன்டுக்கு. எந்தக் கோப்பைப் படிப்பது என்று செட்எம்என்டிஎன்டில் நாமே சொல்லலாம். கேர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ரொக் ஃபோல்டருக்குள் இருக்கும் மவுண்ட்ஸ் கோப்பைக் கொடுத்தால் இந்த நிமிடம் எது ஏறியிருக்கிறது என்று தெரியும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் கோப்பில் \040 என்று கிடக்கும். அதை அதுவே இடைவெளியாக்கித் தருகிறது. ஸ்ரூடியோக்காரர் பெயர் வைக்கும் விதத்துக்கு இது பெரிய உதவி. ஒரு ஒப்ஷன் இருக்கிறதா என்று பார்க்கும் ஹாஸ்எம்என்டிஒப்டும் நல்ல சாமான். டிஸ்க் ரீட்-ஒன்லியாக, எழுத முடியாதபடி ஏறியிருந்தால் "ஆர்ஓ" என்று கேட்டுப் பிடிக்கலாம். "எரர்ஸ்=ரீமவுண்ட்-ஆர்ஓ" என்ற ஒப்ஷனுக்குள் அந்த எழுத்துகள் இருந்தாலும் ஏமாறுவதில்லை. த்ரெட் வேணுமென்றால் சொந்த பஃபர் கொடுக்கும் _ஆர் வடிவம் உண்டு. கடைசியில் கோப்பை மூடும் என்ட்எம்என்டிஎன்ட் மட்டும் எப்போதும் 1 தான் திருப்பித் தரும், அதைச் சோதித்து மினக்கெட வேண்டாம்.

ஜிலிப்சிக்குப் பதிலாகப் பாவிக்கும் மசல் நூலகத்தில் முதல் குடும்பமே இல்லை, அதைப் பாவிக்கும் அல்பைன் லினக்ஸில் கம்பைல் ஆகாது. யூயூஐடியைக் கொண்டு டிவைஸைக் கண்டுபிடிக்க வேணுமென்றால் இரண்டையும் விட்டு யூடில்-லினக்ஸ் தொகுப்பின் லிப்மவுண்ட் நூலகத்துக்குப் போங்கள்.