வெறுங்கால் அணிக்கு பூட்ஸ் மாட்டிவிட்ட போட்டோ கடை

தர்மபுரி நாலு ரோட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பழைய போட்டோக்களைச் சரிசெய்து தரும் கடை ஒன்று இருக்கிறது. கீழே ஜெராக்ஸும் பாஸ்போர்ட் போட்டோவும், மாடியில் இந்த வேலை. குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. அதுவும் திருத்திக் கொடுத்த பிறகு போட்டது. முதலில் அனுப்பிய படத்துக்கு அரை மதிப்பெண்கூடப் போட மனசு வராது, பேப்பர் திருத்தியே ரிட்டையர் ஆனவள் நான்.

நான் கொடுத்தது அப்பாவின் கல்லூரிக் கால்பந்து அணியின் குரூப் போட்டோ, 1952-53. தர்மபுரி அப்போது சேலம் மாவட்டத்தில் ஒரு தாலுகா. இங்கே அரசு கலைக் கல்லூரி வந்ததே 1965-இல்தான். அதனால் அப்பா சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தார். இந்த மாதிரிப் படங்களில் நடுவில் ஒரு கோப்பை இருக்குமே, இதில் கிடையாது. பந்து மட்டும் இருக்கிறது, அதன்மேல் வெள்ளையில் வருடம் எழுதியிருக்கிறார்கள். படத்தைத் திருப்பினால் காரணம் தெரியும். அப்பாவின் கையெழுத்தில், ஆட்டம் 6, தோல்வி 5, சமன் 1.

ஒரு ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கியிருக்கிறார்கள். யாராவது கிண்டல் செய்தால் அப்பா விடமாட்டார். "இந்தியாவே ஹெல்சிங்கியில பத்து வாங்கிட்டு வந்துச்சு, நாங்க ஏழுதான்!" 1952 ஒலிம்பிக்கைச் சொல்கிறார். யூகோஸ்லாவியாவிடம் 10-1. அந்தக் குளிரில் நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த அடிக்குப் பிறகுதான் இங்கே பூட்ஸ் கட்டாயமானது. அதற்கு முந்தைய 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் நம் அணியில் பாதிக்கு மேல் வெறுங்கால்தான். இரண்டு பெனால்டியை வீணடித்து பிரான்சிடம் 2-1 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அந்தப் பெயரை அப்பா ஏதோ பங்காளி பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார். இதையெல்லாம் ஏன் இழுக்கிறேன் என்றால், படத்தில் நிற்கிற, உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் வெறுங்கால். ஒருவர் மட்டும் கணுக்காலில் துணி சுற்றியிருக்கிறார்.

கடையிலிருந்து வாட்ஸப்பில் மாதிரி வந்தது. திறந்து பார்த்தால் எல்லார் காலிலும் பளபளவென்று கறுப்பு பூட்ஸ்! முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் விடவில்லை. தோல் பந்து போய், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பந்து வந்திருந்தது. அது 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் பிரபலமான டெல்ஸ்டார் பந்து. அப்பா காலத்துப் பந்து வேறு. தோல் பட்டைகளைத் தைத்து, உள்ளே ரப்பர் பிளாடர் வைத்து, காற்றடித்து, வாயை லேஸ் போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். லேஸ் இருக்கிற பக்கம் தலையில் பட்டால் தோல் கிழியும். அப்பாவின் இடது புருவத்துக்கு மேலே இருந்த தழும்பு அப்படி வந்ததுதான். அதையும் போட்டோவில் விழுந்த கீறல் என்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தார்கள். போதாததற்கு எல்லார் முகத்திலும் லேசாக ஒரு சிரிப்பு. ஆறில் ஐந்து தோற்றவன் அப்படிச் சிரிக்கமாட்டான்.

நேரில் போய்க் கேட்டேன். கம்ப்யூட்டரில் இருந்த பையன், "மேடம், கால் பக்கம் எல்லாம் டேமேஜ் ஆயிருந்துச்சு, சாஃப்ட்வேர் அதுவா சரி பண்ணிடுச்சு" என்றான்.

"டேமேஜ் இல்ல தம்பி, அதுதான் கால்."

மூன்றரை வாங்கிக்கொடுத்தது அங்கே இருக்கும் பெரியவர். அந்தக் காலத்து ஸ்டுடியோவில் நெகட்டிவில் பிரஷ் வைத்து டச்சிங் செய்து பழகியவராம். நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். லென்ஸ் வைத்து அசலைப் பார்த்தார். பையனை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார். மடிப்புக் கோடு, பூஞ்சைப் புள்ளி, பூச்சி அரித்த ஓட்டை, இவற்றை மட்டும் ஒவ்வொன்றாக அடைத்தார். தழும்பைத் தொடும் முன்னால் "இது இருக்கணும், இல்லையாம்மா?" என்று என்னையே கேட்டார். வலது ஓரத்தில் ஒருவரின் முழங்கை கிழிந்தே போயிருந்தது. "இல்லாததை நான் வரையமாட்டேன், வேணும்னா ஓரத்தை வெட்டிக்கலாம்" என்றார். வெட்டவேண்டாம் என்றேன். அந்த முழங்கை இப்போதும் இல்லாமல்தான் இருக்கிறது.

மற்றபடி வேலை சுத்தம். அசல் படம் அட்டையில் ஒட்டியது. அதைப் பிய்க்காமல் அட்டையோடு சேர்த்தே ஸ்கேன் செய்தார்கள், 600 டிபிஐ. கலர் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். ஜெர்சி என்ன நிறம் என்று எனக்கே தெரியாதபோது சாஃப்ட்வேருக்கு எப்படித் தெரியும்? மேட் பேப்பரில் பிரிண்ட், பென் டிரைவில் காப்பி, எல்லாம் சேர்த்து 900 ரூபாய். ஃபிரேம் தனி. அவர்கள் காட்டிய ஃபிரேம்களில் தங்கக் கலர் பூ வேலைப்பாடுதான் அதிகம், நான் வெளியில் போட்டுக்கொண்டேன். ஓசூரில் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு முன்னால் கேட்டிருந்தேன், சொன்ன தேதியில் கொடுத்துவிட்டார்கள்.

போகிறவர்களுக்கு இரண்டொரு விஷயம். எதை மாற்றக்கூடாது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள், வாயால் சொன்னது கீழே கவுன்டரிலேயே நின்றுவிடுகிறது. மாதிரி வந்தால் முகத்தை மட்டும் பார்க்காமல் பெரிதாக்கிக் கை, கால், பின்னால் இருக்கும் சுவர் வரை பாருங்கள். அசலை லேமினேஷன் செய்யட்டுமா என்று கேட்பார்கள், சம்மதிக்காதீர்கள். அப்புறம், பெரியவர் காலையில்தான் இருப்பார். மதியத்துக்கு மேல் போனால் பையனும் சாஃப்ட்வேரும்தான்.