ரேப்ஃபிக் பேக்கேஜ்: நல்ல சாமான்தான், ஆனா கடைசில தொடுங்க

லேடெக்னு, கட்டளை எழுதி டாகுமென்ட் வடிவமைக்கற சாஃப்ட்வேர், அதுல சின்னப் படம் ஒண்ணு, பக்க அகலத்துல பாதிகூட இருக்காது, அத நடுவுல போட்டா ரெண்டு பக்கமும் வெள்ளையா காலியா கெடக்கும், பாக்க நல்லாவே இருக்காது. அந்தக் காலி எடத்துல எழுத்த ஓட விடத்தான் ரேப்ஃபிக், லேடெக்கோட சேத்துக்கற ஒரு கூடுதல் பேக்கேஜ். எழுதினவர் டொனால்ட் ஆர்செனோ, நான் வச்சிருக்கறது 2003ல வந்த 3.6 வெர்ஷன். காசு கீசு எதுவும் இல்ல, லேடெக்க மொத்தமா இன்ஸ்டால் பண்ற டெக் லைவ் தொகுப்ப முழுசா போட்டிருந்தா ஏற்கனவே உள்ளயே இருக்கும்.

யூஸ் பண்றது ரொம்ப ஈசி. படத்துக்கு ரேப்ஃபிகர், அட்டவணைக்கு ரேப்டேபிள், எந்தப் பக்கம்னு ஒரு எழுத்து, அகலம் எவ்ளோன்னு ஒரு அளவு, அவ்ளோதான். ஆர்னா வலது, எல்னா இடது, ரெண்டு பக்கமும் அடிக்கற புக்குன்னா ஐ போட்டா தையல் பக்கம், ஓ போட்டா வெளிப்பக்கம். அந்த எழுத்த கேபிடல்ல போட்டா படம் எடம் கெடைக்கிற எடத்துக்கு நகர்ந்துக்கும், சின்ன எழுத்துன்னா போட்ட எடத்துலயே ஒக்காரும். இந்த கேபிடல் விஷயம் தெரியாமலே நான் ரொம்ப நாள் ஓட்டிட்டேன்.

அதுக்கு நல்லா பட்டேன். ஒரு ரிப்போர்ட், நாளைக்குக் குடுக்கணும், எல்லாம் அழகா செட் ஆயிருந்துச்சு. முன்னாடி எங்கயோ ஒரு பாராவுல ரெண்டு வரி சேத்தேன், அவ்ளோதான் பண்ணேன், பின்னாடி ஒரு படம் பக்கத்தோட அடிப்பகுதிக்கு எறங்கி, கீழ் மார்ஜினத் தாண்டி, பேஜ் நம்பர் மேலயே ஏறி நிக்குது. அதவிட கொடுமை அடுத்த பக்கம், மேல 6 வரி ஒடுங்கிப் போயி இருக்கு, பக்கத்துல படமே இல்ல, வெறும் வெள்ளை. யாரோ படத்த பிச்சு எடுத்துட்டுப் போன மாதிரி. சின்ன ஆர கேபிடல் ஆரா மாத்தினதும் சரியாச்சு. நாமளே சின்ன எழுத்தா போட்டிருந்தாலும் அதுவா நகத்திட்டு லாக்ல, அதாவது ஓடும்போது எழுதி வைக்கற குறிப்புல, 'ஸ்டேஷனரி ரேப்ஃபிகர் ஃபோர்ஸ்ட் டு ஃப்ளோட்'னு சொல்ற நேரமும் உண்டு. பேனா நோட்டு விக்கற ஸ்டேஷனரி இல்ல, அசையாம நிக்கறது, முதல் தடவ எனக்கும் கொழப்பம்தான்.

இதுல பேக்கேஜ முழுசா திட்டவும் முடியல. லேடெக்குக்கு அடியில ஓடற டெக் வேலை செய்யற விதம் அப்படி. அது முதல்ல ஒரு முழுப் பாராவையும் வரி வரியா ஒடச்சு முடிச்சிரும், பக்கம் எங்க முடியுதுன்னு அப்புறம்தான் பாக்கும். அப்போ வரி ஒடைக்கிற நேரத்துல இந்த வரி பக்கத்துல மேல வருமா கீழ வருமான்னு அதுக்கே தெரியாது. ரேப்ஃபிக் படத்தோட உயரத்த வச்சு, இத்தன வரிய ஒடுக்குன்னு, பாராவோட வரி நீளத்த மாத்தற பார்ஷேப் கட்டளை மூலமா சொல்லி வச்சிருது, மிச்சமெல்லாம் ஒரு குத்துமதிப்புதான். குத்துமதிப்பு தப்பா போனா ஒடுங்கின வரி எத்தனன்னு நாமளே நம்பர் குடுக்கலாம், 12ன்னா ஸ்கொயர் பிராக்கெட்ல 12. நடுவுல தனி வரியா சமன்பாடு வந்தா அத 3 வரின்னு எண்ணணும், நான் 1ன்னு எண்ணி ஒக்காந்து மண்டைய ஒடச்சிருக்கேன்.

லிஸ்ட் பக்கம் மட்டும் போயிடாதீங்க. ஐட்டமைஸ், எனுமரேட் உள்ளயும் சரி, அது ஒட்டி மேலயும் சரி, இது ஒத்துவராது, புள்ளி எல்லாம் படத்து மேல ஏறி நிக்கும். செக்‌ஷன் தலைப்பு கிட்டயும் வேண்டாம். அங்கெல்லாம் நான் மினிபேஜ்ங்கற ரெண்டு தனிப் பெட்டிய பக்கத்துல பக்கத்துல வச்சுடுவேன், படத்தோட தலைப்புக்கு கேப்ஷன்ஆஃப் கட்டளை இருக்கு. சுத்தி ஓடற அழகு வராதுதான், ஆனா நிம்மதியா தூங்கலாம். இன்னொண்ணு, உள்ள சென்டர் என்விரான்மென்ட் போடாம செண்டரிங்னு மட்டும் போடுங்க, இல்லன்னா படத்துக்கு மேலயும் கீழயும் சும்மா இடைவெளி சேந்துக்கும். எழுத்துக்கும் படத்துக்கும் நடுவுல உள்ள சந்து பத்தலன்னா காலம்செப் அளவ ஏத்துங்க.

தமிழ்ல அடிக்கறவங்களுக்கு தனியா ஒரு தலைவலி. நம்ம வார்த்தைங்க நீளம், 'செயல்படுத்தப்பட்டிருக்கிறது'ன்னு ஒண்ணு வந்தா ஒடுங்கின வரில பாதிய அதுவே தின்னுடும், மிச்ச வார்த்தைங்களுக்கு நடுவுல லாரி போற அளவு சந்து. படத்த பக்க அகலத்துல 0.35க்கு மேல போகவிடாதீங்க, மொழிக்கான பாலிகிளாசியா பேக்கேஜ்ல தமிழ்னு சொல்லி வார்த்தைய ஒடைக்க விடுங்க, அப்பவும் அடங்கலன்னா வரிய இன்னும் கொஞ்சம் இழுக்க விடற எமர்ஜென்சிஸ்ட்ரெட்ச் கொஞ்சம் குடுங்க.

வேர்டுல இதெல்லாம் ஒரு கிளிக், ஸ்கொயர், டைட்னு செலக்ட் பண்ணி மவுஸால இழுத்தா போதும்னு சொல்வாங்க, வாஸ்தவம்தான். படத்தோட வெளிக்கோட்ட ஒட்டியே எழுத்து வளைஞ்சு போகணும்னா அதுலயோ இன்டிசைன்லயோதான் சௌகரியம், ரேப்ஃபிக்குக்குத் தெரிஞ்சது கட்டம் மட்டும். ஆனா நீளமான டாகுமென்ட்ல ரெஃபரன்ஸ், நம்பர் எல்லாம் தானா வரணும்னு லேடெக்ல ஒக்காந்திருக்கறவன் படத்துக்காக எழுந்து போக மாட்டான். நம்பர்னதும் ஞாபகம் வருது, ரேப்ஃபிகரும் சாதா ஃபிகரும் கலந்து போட்டா படம் 5 முன்னாடியும் படம் 4 பின்னாடியும் வர வாய்ப்பிருக்கு, கடைசில ஒருதடவ கண்ணால பாத்துடுங்க.

5க்கு 3.5 குடுக்கறேன். இப்பல்லாம் எழுதி, திருத்தி, எல்லாரும் ஓகே சொன்ன அப்புறம்தான் சாதா ஃபிகர ரேப்ஃபிகரா மாத்துறேன், அதுவும் முதல் பக்கத்துலேந்து வரிசையா, ஒவ்வொண்ணுக்கும் கம்பைல் பண்ணிப் பாத்துட்டு. பின்னாடிலேந்து ஆரம்பிச்சீங்கன்னா முன்னாடி ஒண்ண மாத்தினதும் பின்னாடி செஞ்சதெல்லாம் மறுபடி செய்யணும்.