ஜோகன்னஸ்பர்க் போகிறவர்கள் கவனத்துக்கு: புல்லட் புரூஃப் கார் என்று ஃபிலிம் ஒட்டிய காரைத் தலையில் கட்டினார்கள்

பம்ப், வால்வு, சுரங்க உதிரிபாகத் தொழிலில் இருக்கிற நம்ம கோவைக்காரர்கள் நிறையப் பேர் தென்னாப்பிரிக்கா போய் வருகிறார்கள். ‘ஆயுதம் ஏந்திய பாதுகாப்பு, புல்லட் புரூஃப் வண்டி’ என்று யாராவது பேக்கேஜ் கொடுத்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது.

ஜோகன்னஸ்பர்க்கின் நாஸ்ரெக் எக்ஸ்போ சென்டரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செப்டம்பரில் நடக்கும் எலெக்ட்ரா மைனிங் என்கிற சுரங்கத் தொழில் கண்காட்சிக்குப் போனோம். நானும், எங்கள் சர்வீஸ் இன்ஜினியர் தம்பி ஒருவரும். அந்த ஊரைப் பற்றி யூடியூபில் எதையெதையோ பார்த்துவிட்டு, “செக்யூரிட்டி இல்லாம யாரையும் அனுப்ப மாட்டேன், காசு போனா போகுது” என்று முதலாளி சொல்லிவிட்டார். டிராவல் ஏஜென்ட் அங்கேயே ஒரு கம்பெனியைப் பிடித்துக் கொடுத்தார். துப்பாக்கியோடு ஒரு பாதுகாவலர், B6 தரக் கவச வண்டி, 24 மணி நேர கன்ட்ரோல் ரூம். நாளுக்கு 7,500 ரேண்ட், முழுத் தொகையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். கொட்டேஷன் பார்க்க அருமையாக இருந்தது, லோகோவில் சிங்கம் வேறு.

ஓஆர் டாம்போ விமான நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், ஒருவர் பெரிய அட்டையைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். அதில் எங்கள் கம்பெனி பெயர், எங்கள் இருவர் பெயர், கீழே தங்கும் ஹோட்டலின் பெயர். விமான நிலையத்தில் ஆளைக் குறித்துவைத்துக்கொண்டு, பின்தொடர்ந்து போய் வழியிலோ ஹோட்டல் வாசலிலோ கொள்ளையடிப்பது அந்த ஊரில் தெரிந்த கதை. அங்கே கரன்சி மாற்றுகிறவர்களைக் குறிவைப்பதும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் நாங்கள் யார், எங்கே தங்குகிறோம் என்று எங்கள் பாதுகாவலரே போர்டு மாட்டி அறிவித்துக்கொண்டிருந்தார். முறையான கம்பெனி என்றால் வருகிற ஆளின் போட்டோ, வண்டி எண், ஒரு ரகசியச் சொல் மூன்றையும் முதல் நாளே அனுப்பிவிடும். போர்டு வைத்தாலும் அதில் அந்தச் சொல் மட்டும்தான் இருக்கும்.

வண்டி ஒரு ஃபார்ச்சூனர். கண்ணாடி கறுப்பாக, பார்க்க கம்பீரமாகத்தான் இருந்தது. பார்க்கிங் கேட்டில் டிரைவர் கண்ணாடியை முழுசாக இறக்கி டிக்கெட்டைப் போட்டார். அது எவ்வளவு பெரிய தடயம் என்பது பக்கத்து ஊரான ஜெர்மிஸ்டன் போனபோதுதான் விளங்கியது.

அதற்கு முன் ஓர் இரவு, சாப்பிட்டுவிட்டு R24 சாலையில் வந்துகொண்டிருந்தோம். போலீஸ் என்று எழுதாத ஒரு வெள்ளைக் கார், நீல விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் ஒட்டி வந்தது. நீல விளக்கு வைத்துக்கொண்டு போலீஸ் மாதிரி நடித்து வண்டியை மடக்குகிற கும்பல்கள் அங்கே பல வருடமாக உண்டு. அதனால் அடையாளம் இல்லாத வண்டி நிறுத்தச் சொன்னால் என்ன செய்வது என்று போலீஸே மக்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறது: ஹசார்ட் லைட்டைப் போடு, கையால் சைகை காட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டே பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்குக்கோ போ. எங்கள் ஆள் என்ன செய்தார்? விளக்கைப் பார்த்த மறுநொடி இருட்டில், சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி இன்ஜினையும் அணைத்துவிட்டார். நல்லவேளை, அந்தக் கார் எங்களைத் தாண்டி வேறு எதையோ துரத்திக்கொண்டு போய்விட்டது. “போலீஸ்தான் சார், பயப்படாதீங்க” என்கிற தோரணையில் அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். தம்பிக்கு ஹோட்டல் வரும்வரை பேச்சே வரவில்லை.

குட்டு உடைந்தது ஜெர்மிஸ்டனில், எங்கள் வாடிக்கையாளரின் கிடங்கில். அங்கே பாதுகாப்பு மேலாளராக இருப்பவர் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. எங்கள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின் கதவை ஒரு விரலால் இழுத்தார், சாதாரணக் கதவு மாதிரி திறந்தது. “இது B6-ஆ?” என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். B4 என்றால் கைத்துப்பாக்கிக் குண்டைத் தாங்கும். B6 என்றால் ஏகே-47 மாதிரியான ரைஃபிள் குண்டைத் தாங்கும். அந்தக் கண்ணாடி பல அடுக்காக, தடிமனாக இருக்கும். கதவின் கனத்துக்கு ஒரு விரல் போதாது, தோள்பட்டையால் தள்ள வேண்டும். ஜன்னல்கள் பெரும்பாலும் இறங்காது, டிரைவர் பக்கம் மட்டும் கொஞ்சம் இறங்கலாம். எங்கள் வண்டியில் இருந்தது ஸ்மாஷ் அண்ட் கிராப் ஃபிலிம். சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியை உடைத்து போனையும் பையையும் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவர்களைச் சில நொடி தாமதப்படுத்துகிற படலம், அவ்வளவுதான். அங்கே சாதாரணமாக எல்லாரும் காரில் ஒட்டுகிற சமாச்சாரம். அதை ஒட்டிவிட்டு எங்களிடம் கவச வண்டி வாடகை வாங்கியிருக்கிறார்கள்.

அடுத்து பாதுகாவலரிடம் அடையாள அட்டை கேட்டார். வீட்டில் வைத்துவிட்டதாகச் சொன்னார். காவலர்களைப் பதிவு செய்கிற ஆணையம் கொடுத்த எண்ணைச் சொல்லச் சொல்லி, செல்போனிலேயே தேடினார். அந்த எண்ணில் வேறு யாரோ ஒருவரின் பெயர் வந்தது. இடுப்பில் துப்பாக்கி உறை தொங்கிக்கொண்டிருந்ததே, அதைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே பெப்பர் ஸ்ப்ரே டப்பா.

அந்த மனிதர் மேல் எனக்கு இப்போதும் கோபம் இல்லை. கொஞ்சம் பணத்துக்கு, தெரியாத வேலைக்கு அனுப்பப்பட்டவர், மதியச் சாப்பாட்டுக்குக்கூட எங்களைத்தான் எதிர்பார்த்தார். கோபமெல்லாம் அவரை அனுப்பியவர்கள் மேல்தான். அன்றைக்கே கன்ட்ரோல் ரூமுக்கு அடித்தோம். அந்த 24 மணி நேர எண் யாரோ ஒருவருடைய வாட்ஸ்அப். மறுநாள் மதியம் பதில் வந்தது: “ஆபரேஷனல் காரணங்களால் வண்டி மாற்றப்பட்டது.” மீதி நாட்களை ரத்து செய்கிறோம் என்றதற்கு, ரத்து கட்டணமும் இரவு ஓவர்டைமும் சேர்த்து எங்களிடமே ஒரு பில் நீட்டினார்கள்!

பணம் போனதைவிட வேறொன்றுதான் என்னை உறுத்துகிறது. காவல் இல்லை என்று தெரிந்திருந்தால் நாங்கள் வேறு மாதிரி நடந்திருப்போம். ஓஆர் டாம்போவிலிருந்து ஜோகன்னஸ்பர்க்கின் சாண்ட்டன் பகுதிக்கு காட்ரெய்ன் என்கிற ரயில் இருக்கிறது. 2010-இல் உலகக் கோப்பைக்கு முன் திறந்தது, ஏறி உட்கார்ந்தால் சுமார் 15 நிமிடம், சுத்தமான ரயில். ஹோட்டலும் சாண்ட்டனில்தான். இரவு உணவை ஹோட்டலிலேயே முடித்திருப்போம், சாம்பிள் பெட்டியோடு இருட்டில் அலைந்திருக்க மாட்டோம். துப்பாக்கியோடு ஆள் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் அதெல்லாம். பொய்க் காவலுக்குக் காவலே இல்லாமல் போவது எவ்வளவோ மேல் என்பேன்.

தென்னாப்பிரிக்காவில் போலீஸைவிட தனியார் காவலர்கள் பல மடங்கு அதிகம். அதனால் சட்டமும் கறாராகவே இருக்கிறது. 2001-ஆம் வருட 56-ஆம் எண் சட்டப்படி, கம்பெனி தனியாக, வேலை செய்யும் ஆள் தனியாக, இரண்டும் தனியார் பாதுகாப்புத் தொழில் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அங்கே பிஎஸ்ஐஆர்ஏ என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் யார் பெயர் என்று பார்க்கலாம். ஆகவே கம்பெனியின் எண் மட்டும் போதாது. உங்களுடன் வரப்போகிற ஆளின் எண்ணையும் பெயரையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். மழுப்பினால் அங்கேயே விட்டுவிடுங்கள். E முதல் A வரை கிரேடு உண்டு, E தான் கடைசி. ஆனால் கேட்டில் நிற்கிற வேலைக்கும் உடன் வருகிற பாதுகாவலர் வேலைக்கும் பயிற்சியே வேறு என்பதால், கிரேடை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. துப்பாக்கி கம்பெனியுடையது என்றால், அதை எடுத்து வருவதற்கான அனுமதிச் சீட்டு அவர் கையில் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பதிவில்லாத ஆளிடம், தெரிந்தோ, போதிய கவனம் எடுக்காமலோ, பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டால் வாடிக்கையாளர் மேலேயும் குற்றம் வரலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. ஏமாந்தது நாம், மாட்டிக்கொள்வதும் நாமாக இருக்கலாம்.

அவசரத்துக்கு போலீஸ் 10111, செல்போனிலிருந்து 112. பாஸ்போர்ட் மாதிரி விஷயம் என்றால் பார்க்டவுனில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. மீதி நாட்களுக்கு அந்த வாடிக்கையாளரே தங்கள் வழக்கமான டிரைவரை அனுப்பினார். துப்பாக்கியும் இல்லை, சிங்கமும் இல்லை, பழைய கொரோலா. சிக்னலில் முன் வண்டிக்கும் நமக்கும் இடைவெளி விட்டே நிறுத்துவார், போனை மடிக்குக் கீழே வைக்கச் சொல்வார், பொழுது சாய்வதற்குள் ஹோட்டலில் விட்டுவிடுவார். உங்கள் வாடிக்கையாளர் யாரைப் பயன்படுத்துகிறார் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். இணையத்தில் தேடுவதெல்லாம் அதற்கப்புறம்.

ஆணையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறோம், வண்டி எண், கொட்டேஷன், கதவு போட்டோ எல்லாம் வைத்து. பணம் இன்னும் ஒரு ரேண்ட்கூடத் திரும்பவில்லை. ஏஜென்ட், “அவங்க வெப்சைட் நல்லாத்தானே அண்ணா இருந்துச்சு” என்கிறார். தன் கமிஷனைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் மூலமாக அடுத்த மாதம் திருப்பூரிலிருந்து ஒரு குழு அதே ஊருக்குப் போகிறதாம். அவர்கள் நம்பரை வாங்கிப் பேசிவிட்டேன். அவர்களுக்கு வந்திருக்கும் கொட்டேஷனிலும் அதே B6, அதே 24 மணி நேர எண், கம்பெனி பெயர் மட்டும் வேறு.