மைல்காஸல் 37 மாடலுக்கு எது சரி: பிளாஸ்டரா, 3டி பிரிண்டா, ஃபோமா?

வடக்கு இங்கிலாந்துல ரோமானியர் கட்டுன ஹேட்ரியன் சுவர்ல, ஹவுஸ்டெட்ஸ்ங்கிற இடத்துக்குப் பக்கத்துல இருக்கே மைல்காஸல் 37 (மைல்காஸல்னா அந்தச் சுவர்ல ரோமன் மைலுக்கு ஒண்ணா கட்டுன குட்டிக் கோட்டை), அதை 1/72 ஸ்கேல்ல, அதாவது நிஜ அளவுல 72-ல ஒரு பங்கா பண்றதுக்கு மூணு மெட்டீரியல்லயும் கை வச்சுப் பாத்துட்டேன், என் ஓட்டு ஃபோமுக்குத்தான்.

முதல்ல அளவு. கோட்டையோட உள்பக்கம் கிட்டத்தட்ட 15க்கு 17.5 மீட்டர், மாடல்ல 21க்கு 24 சென்டிமீட்டர் வரும், மேஜையில தாராளமா அடங்கிடும். நிறைய பேர் தப்பு பண்றது சுவர் தடிமன்ல. அகலமான சுவர் 10 ரோமன் அடி, கிட்டத்தட்ட 3 மீட்டர், அதாவது மாடல்ல 4 சென்டிமீட்டருக்கு மேல. உயரமோ சுவர் மேல இருந்த நடைபாதை வரைக்கும் 12 அடி வாக்குலதான், மைல்காஸல் 48ல மிச்சமிருக்கிற படிக்கட்டை வச்சுப் போட்ட கணக்கு அது, மாடல்ல 5 சென்டிமீட்டர். அவ்ளோ குண்டுச் சுவர்! அட்டைல மெல்லிசா நிறுத்துனா ரோமன் சுவர் மாதிரியே இருக்காது.

பிளாஸ்டர்ல கல்லு கல்லா வார்த்து ஒட்டுனா அழகுல அதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா 25 சென்டிமீட்டர் கல்லு 1/72ல 3.5 மில்லிமீட்டர்தான், நீளப் பக்கம் ஒண்ணுக்கே ஆயிரம் கல்லுக்கு மேல ஆகும். பெரிய ஸ்கேலா இருந்தா கண்ண மூடிட்டு இதையே எடுக்கலாம்.

3டி பிரிண்ட் வேகம், மூலை எல்லாம் கச்சிதம், ஆனா அடுக்கடுக்கா பிரிண்ட் ஆகுறதால வர்ற 0.2 மில்லிமீட்டர் லேயர் கோடு நிஜ அளவுல 14 மில்லிமீட்டர், கல்லுக்கு நடுவுல ஓடுற சாந்துக் கோடோட கலந்துடும், தேய்ச்சா கல்லும் சேந்து போயிடும். கதவு, கூரை ஓடுன்னா ஓகே.

ஃபோம்னா தெர்மாகோல் இல்லீங்க, அது மணி மணியா உதிரும், கெட்டியான எக்ஸ்பிஎஸ் ஃபோம் ஷீட் வாங்குங்க. மை தீந்த பால்பாயிண்ட் பேனாவால வரிசை வரிசையா கோடு அழுத்தி, கசக்குன அலுமினியம் ஃபாயில் உருண்டைய மேல உருட்டுனா போதும், உளி பட்ட கல்லு மாதிரியே சொரசொரப்பு வந்துடும், அங்கங்க ஒரு கல்ல மட்டும் உள்ள அமுக்கி விடுங்க. நேரா ஸ்பிரே பெயிண்ட் மட்டும் அடிச்சுடாதீங்க, என்னோட வடக்குச் சுவர் அப்படித்தான் ஒரே நிமிஷத்துல உருகிப் போச்சு. ஃபெவிகால்ல கருப்பு அக்ரிலிக் கலந்து ரெண்டு கோட் பூசி, நல்லா காஞ்சப்புறம்தான் கலர்.

வடக்கு வாசலுக்கு மட்டும் பிளாஸ்டர் வச்சுக்கோங்க. அங்க வளைவோட கீழ்க் கல்லுங்க இன்னிக்கும் நிக்குது, எல்லாம் பெருசு பெருசு, தனித்தனியா வார்த்து ஒட்டுனா ஒரு ஞாயித்துக்கிழமைல முடிஞ்சுடும்.