பிள்ளையின் முதல் ரைஃபிள்: ஏர் ரைஃபிளா, பாயின்ட் டூ டூவா?

துப்பாக்கி சுடுதலைக் கற்கத் தொடங்கும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதல் ரைஃபிள் வாங்கப்போகும் பெரியவர், எதிரே வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் நாலைந்தைப் பார்த்துவிட்டு, "இதில் எது குறி தப்பாமல் சுடும்?" என்றுதான் முதலில் கேட்கிறார். அந்தக் கேள்வியால் தேர்வு எளிதாவதில்லை. ஏனென்றால் பெயர்பெற்ற தயாரிப்பாளர்களின் சிறு கேலிபர் (குழலின் உள்விட்டம்) ரைஃபிள்களில் மிக எளியதுகூட, புதிதாகக் கற்கும் பிள்ளையின் கையைவிட நிதானமாகவே சுடும். ஆகவே வேறு இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு இந்த வகைகளை ஒப்பிட விரும்புகிறேன். ஒன்று, துப்பாக்கி பிள்ளையின் உடம்புக்கு அளவாக இருக்கிறதா என்பது. மற்றது, ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவே அது பிள்ளையை நிறுத்தி வைக்கிறதா என்பது. இரண்டாவது கேள்விக்கே நான் கூடுதல் எடை கொடுக்கிறேன்.

உரிமம், வயது வரம்பு, சுடுவதற்கு அனுமதிக்கப்பட்ட இடம் ஆகியவை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், கீழே சொல்வதெல்லாம் அவற்றைச் சரிபார்த்த பிறகு எழும் தேர்வைப் பற்றியவை. பிள்ளையின் ரைஃபிள் என்று நாம் பேச்சுக்குச் சொன்னாலும் அது பெரியவரின் பொறுப்பிலும் பூட்டிலும் இருப்பது. பிள்ளை அதைத் தொடும் ஒவ்வொரு முறையும் பெரியவர் பக்கத்தில் நிற்கிறார்.

கேலிபரைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. 1887-இல் அறிமுகமான .22 (பாயின்ட் டூ டூ) லாங் ரைஃபிள் தோட்டா இன்றும் பயிற்சிக்குரிய தோட்டாவாக நிலைத்திருப்பதற்குக் காரணம், சுமார் 2.6 கிராம் எடையுள்ள அதன் குண்டு தோளில் ஏறக்குறைய உதைப்பே இல்லாமல் வெளியேறுவதுதான். 1959-இல் வந்த .22 மேக்னமும் 2002-இல் வந்த .17 எச்எம்ஆரும் அதைவிட வேகமானவை, சத்தம் கூடியவை, தோட்டாவும் விலை கூடியது. தொடக்கநிலைப் பிள்ளைக்கு அவற்றால் கூடுதலாகக் கிடைப்பது எதுவுமில்லை. சத்தத்தை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு விசையை வெடுக்கென்று இழுப்பது பெரும்பாலும் உதைப்புக்குப் பயந்து அல்ல, ஓசைக்குப் பயந்தே. நொடிக்கு 325 மீட்டர் அளவில், அதாவது ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே செல்லும் 'ஸ்டாண்டர்டு வெலாசிட்டி' தோட்டாவில் குண்டு காற்றைக் கிழிக்கும் அந்தச் 'சடார்' இருக்காது. காதடைப்பும் கண்ணாடியும் எப்படியும் அணியத்தான் வேண்டும். இத்தனை மென்மையான தோட்டாவாக இருந்தும், அதன் குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது என்பதால், பின்னே உறுதியான மண்மேடோ தடுப்போ இல்லாத இடத்தில் அதைச் சுடவே கூடாது.

இந்தத் தடுப்பு விஷயத்தில்தான், வெடிமருந்துக்குப் பதில் காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைஃபிள் முந்துகிறது. 4.5 மி.மீ. குறுக்களவும் அரை கிராம் எடையும் கொண்ட 'பெல்லட்' என்னும் அதன் சிறு குண்டைப் போட்டி ரகத் துப்பாக்கி நொடிக்கு 170 மீட்டர் அளவில்தான் அனுப்புகிறது. பெல்லட்டைத் தடுத்துப் பிடிக்கும் முறையான பெட்டி ஒன்றும் பத்து மீட்டர் நீளமுள்ள, ஆள் நடமாட்டத்தை அடைத்துவைக்கக்கூடிய கூடமும் இருந்தால் வாரத்தில் ஐந்து நாளும் பயிற்சி செய்யலாம். இது விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 1984 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது, அதன் இலக்குத் தாளில் பத்துப் புள்ளிக்குரிய வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். ஜெர்மனியின் சட்டம் பெற்றோர் இசைவோடும் களத்தின் மேற்பார்வையோடும் 12 வயதில் ஏர் ரைஃபிளையும் 14 வயதில்தான் சிறு கேலிபர் ரைஃபிளையும் அனுமதிக்கிறது. அந்த வரிசைமுறை எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஆனால் ஏர் ரைஃபிள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர முடியாது, ஏனென்றால் மலிவாகக் கிடைக்கிறது என்று பெரும்பாலோர் வாங்கும் வகையே பிள்ளைக்கு ஒத்துவராத வகை. குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுத்துப் பூட்டும் ரைஃபிளை ஒரு பிள்ளை கையாளுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது புரியும். குழலின் நுனியைப் பிடித்துத் தொங்குவதுபோல இழுக்கிறது, பாதியில் கை தளர்கிறது, தோளில் பொருத்தும் கட்டையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு மறுபடியும் இழுக்கிறது. இதற்குள் குழல்வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அது மறந்தே போயிருக்கும். மடங்கிய நிலையில் விசை தட்டுப்பட்டால் குழல் வேகமாக நிமிர்ந்து விரலை நசுக்கிவிடும் என்பதால், பெல்லட் வைத்து முடிக்கும்வரை ஒரு கை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். சுடும்போது உள்ளே பிஸ்டன் முன்னோக்கிப் பாய்வதால் துப்பாக்கி முதலில் பின்னுக்கும் அடுத்த கணம் முன்னுக்கும் குலுங்குகிறது. அதைச் சமாளிக்க இறுக்காமல் தளர்வாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடிக்கும் பழக்கம் வேண்டும். தேர்ந்தவர்களுக்கே தகராறு செய்யும் பிடி அது.

அழுத்தக் காற்றை உருளையில் முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளும் பிசிபி வகையில் இந்தத் தொல்லைகள் எதுவுமில்லை. சிறு நெம்புகோலைத் திறந்து, பெல்லட்டை வைத்து, மூடிச் சுட வேண்டியதுதான். குலுக்கல் இல்லாததால் பிழை எங்கே நேர்ந்தது என்பதை இலக்குத் தாளே காட்டிக்கொடுத்துவிடும். போட்டித் தயாரிப்பாளர்களின் ஜூனியர் மாதிரிகளில் தோள்தகட்டையும் கன்னத்தாங்கியையும் நகர்த்திக்கொள்ளவும் முடியும். காற்று நிரப்ப உயரழுத்தப் பம்போ சிலிண்டரோ வேண்டும் என்பதும் விலையும்தான் குறை. ஒருமுறை நெம்பினால் ஒரு சுடலுக்குக் காற்றுச் சேரும் பழைய வகை நடுவில் நிற்கிறது. பெரியவர் நெம்பிக் கொடுப்பதானால் அதுவும் போதும்.

அருகில் முறையான சுடுகளம் இருந்து, பிள்ளை .22-இல் தொடங்கப்போகிறது என்றால் போட்டி உண்மையில் இரண்டு தரப்புக்கு இடையில்தான்: பிள்ளைகளுக்கென்றே சிறிதாகச் செய்யப்பட்ட ஒற்றைத்தோட்டா ரைஃபிள், வளர வளரக் கூடவே வரக்கூடிய போல்ட் ரைஃபிள். (போல்ட் என்பது தோட்டா வைக்கும் இடத்தைத் திறந்து மூடக் கையால் நகர்த்தும் தண்டு.)

முதல் தரப்பில் அதிகம் பேசப்படுபவை க்ரிக்கெட், சாவேஜ் ராஸ்கல் ஆகிய இரண்டு. (மட்டைப் பந்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆங்கிலத்தில் சில்வண்டுக்கும் அதே பெயர்.) இரண்டும் ஒன்றேகால் கிலோ அளவிலான எடையும், விசையிலிருந்து தோள்தகடு வரை 29 செ.மீ. அளவிலான கட்டையும் கொண்டவை. காகிதத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். வேறுபாடு கையில் எடுத்தால்தான் தெரியும். க்ரிக்கெட்டில் தோட்டாவை வைத்துப் போல்ட்டை மூடினால் மட்டும் சுட முடியாது. போல்ட்டின் பின்னால் உள்ள சிறு குமிழைப் பிடித்துத் தனியாகப் பின்னே இழுக்க வேண்டும். பாதுகாப்புக்கு இது நல்ல ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஏழெட்டு வயதுப் பிள்ளையின் விரல்களுக்கு அந்த ஸ்பிரிங் கடுமையானது, வியர்த்த விரலிலிருந்து குமிழ் வழுக்குகிறது. இழுத்த பிறகு சுட வேண்டாம் என்று முடிவானால், பெரியவர் குமிழைப் பிடித்துக்கொண்டே விசையை அழுத்தி மெல்ல இறக்க வேண்டியிருக்கிறது. ராஸ்கலில் போல்ட்டைத் தூக்கும்போதே உள்வேலை முடிந்துவிடுகிறது. விசையைத் தொடாமலே தோட்டாவை வெளியே எடுத்துவிடலாம், விசையின் இறுக்கத்தையும் சரிசெய்துகொள்ளலாம். இந்த இரண்டில் நான் தயங்காமல் ராஸ்கலைத்தான் சொல்வேன்.

இரண்டாம் தரப்புக்குச் சிஇசட் 457 ஸ்கௌட் நல்ல எடுத்துக்காட்டு. கட்டை 30 செ.மீ.க்குச் சற்றுக் கூட, குழல் 42 செ.மீ., எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். பல தோட்டாக்களை அடக்கும் மேகசின் பொருந்தும் இடத்தில் ஒற்றைத்தோட்டாத் தட்டு ஒன்று வருகிறது. முதல் ஆண்டு முழுவதும் அதை வைத்தே சுட்டுவிட்டு, பிள்ளை கைக்குள் ஒழுங்கு வந்த பிறகு மேகசினுக்கு மாறலாம். உயரம் கூடியதும் கட்டையை மட்டும் பெரியவர்களுக்குரியதாக மாற்றினால் அதே போல்ட் அமைப்பும் அதே குழலும் தொடரும். ராஸ்கல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சின்னதாகிவிடும், ஸ்கௌட் ஆகாது. அதற்காக எட்டு வயதுப் பிள்ளைக்கு ஸ்கௌட்டை வாங்கிக் கொடுத்தால், நின்று சுடும்போது முன்கனத்தைத் தாங்க முடியாமல் இடுப்பைப் பின்னே வளைத்து வானத்தைப் பார்த்துச் சாயும். அந்த நிலை பழகிவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு. பத்து வயதுக்குக் கீழே ராஸ்கல், அதற்கு மேலே ஸ்கௌட் போன்ற போல்ட் ரைஃபிள் என்று நான் கோடு போடுவேன், ஆனால் அளவெடுத்த பிறகு. முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை மடிப்பில் வைத்தால், சுட்டுவிரலின் முதல் கணு இயல்பாக விசையில் விழ வேண்டும். கையை நீட்டித் தேடினால் கட்டை நீளம்.

விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த தோட்டா தானாகவே ஏறிக்கொள்ளும் அரைத்தானியங்கி வகையில், ருகர் 10/22 1964 முதல் விற்பனையில் இருக்கிறது, நம்பகமானது, இலகுவானது. குறை ரைஃபிளில் இல்லை, வேளையில் இருக்கிறது. பத்துத் தோட்டாக்களும் பத்து விநாடிக்குள் தீர்ந்தால், ஐந்தாவது ஏன் இடப்பக்கம் போனது என்று பிள்ளையிடம் கேட்பதில் பொருளில்லை. இன்னொன்று, வழக்கமான 10/22-இல் கடைசித் தோட்டா போனபின் போல்ட் தானாகத் திறந்து நிற்பதில்லை; துப்பாக்கி காலியா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஓசை குறைந்த தோட்டாவைப் போட்டாலோ சிலவேளை போல்ட் முழுதாக நகராமல் சிக்கிக்கொள்ளும். மேகசினில் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடலாமே என்பார்கள். சுடலாம்தான், ஆனால் அதற்கு ஒற்றைத்தோட்டா ரைஃபிளே இருக்கிறது.

விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் லீவர் ரைஃபிளைப் பிள்ளைகள் பார்த்தவுடன் விரும்பிவிடுகிறார்கள். குழலுக்குக் கீழே உள்ள குழாயில் தோட்டாக்களை நிரப்ப, கை குழல்வாயின் பக்கம் போய்த்தான் ஆக வேண்டும். குப்புறப் படுத்தால் லீவர் தரையில் இடிக்கும். முதல் ரைஃபிளாக இதை நான் சொல்ல மாட்டேன்.

எந்த .22 ஆனாலும் ஒருநாள் விசையை இழுத்தும் வெறும் 'க்ளிக்' மட்டும் கேட்கும், ஏனென்றால் இந்தத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள் பரவியிருப்பதால் ஓரிடத்தில் மெலிந்துபோவதுண்டு. அப்போது குழல்வாயை இலக்கிலிருந்து திருப்பாமல் முப்பது விநாடி காத்திருந்து, பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும். ஒற்றைத்தோட்டா ரைஃபிளில் பழகிய பிள்ளைக்கு இந்தக் காத்திருப்பு தண்டனையாகத் தெரிவதில்லை. சுட்டு முடித்ததும் சோப்பால் கைகழுவுவது ஏர் ரைஃபிளுக்கும் .22-க்கும் பொது. பெல்லட்டும் குண்டும் பெரும்பாலும் ஈயமே.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. இரு கைகளையும் நீட்டி, நடுவில் சிறு ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்துப் பொருள் ஒன்றைப் பிள்ளை பார்க்கட்டும். ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள் நிற்கிறதோ அதுவே குறிபார்ப்பதில் முந்தி நிற்கும் 'ஆளும் கண்'. வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஆள்வதாக இருந்தால், முதல் நாளிலிருந்தே இடத்தோளில் பழக்குவதுதான் நல்லது. அப்போது மேலே போட்ட கணக்கு மாறுகிறது: வலப்பக்கப் போல்ட்டை இடத்தோளிலிருந்து இயக்கச் சின்னக் கை குழலைத் தாண்டிப் போக வேண்டும், ஸ்கௌட் பின்தங்கிவிடும். இடக்கை ராஸ்கல் தனியாகவே வருகிறது. அது கிடைக்காத இடத்தில், நான் ஓரம் தள்ளிய, ஆனால் எந்தத் தோளிலிருந்தும் ஒன்றுபோல இயக்கக்கூடிய லீவர் ரைஃபிளை, பெரியவர் குழாயில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுக் கொடுப்பார் என்ற நிபந்தனையோடு, மறுபடியும் எடுத்துப் பார்ப்பேன்.