பின் டயர் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்: என் இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது

இன்னும் கோபம் அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதினால் பாதி விஷயம் விட்டுப்போகும் என்பதால் இப்போதே எழுதுகிறேன். சக்திவாய்ந்த கார் வைத்திருப்பவர்கள், அதிலும் பின்சக்கரங்களால் ஓடும் கார் வைத்திருப்பவர்கள், பின் டயர் மாற்றப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். இரண்டே இரண்டு டயருக்கு என் இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. பணத்தைக்கூட விடுங்கள். அந்த டயர்களோடு கொட்டுகிற மழையில், நெடுஞ்சாலையில், மனைவியையும் மகளையும் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

டயரை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கார் பிஎம்டபிள்யூ எம்2 காம்பெடிஷன். 410 குதிரைத்திறன், 550 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அத்தனையும் பின்னால் இருக்கிற இரண்டு டயர் வழியாகத்தான் சாலையில் இறங்க வேண்டும். ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவுதான். டயர் அளவு முன்னால் 245/35 ஆர்19, பின்னால் 265/35 ஆர்19, முதல் எண்தான் மில்லிமீட்டரில் அகலம். அகலம் வேறு வேறு என்பதால் முன் டயரைப் பின்னால் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யவும் முடியாது, பின் டயர்தான் முதலில் தீரும். எனக்கும் அப்படித்தான். முன் டயர்கள் நன்றாகவே இருந்தன, பின்னால் மட்டும் டயரின் பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் தேய்மானக் கட்டைகள், அதாவது டயர் தீர்ந்துவிட்டது என்று காட்டும் அடையாளங்கள், தலைகாட்ட ஆரம்பித்துவிட்டன. மொட்டையாகும் வரை ஓட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. மாற்றிவிடலாம் என்று தேட ஆரம்பித்தேன்.

டயர் மட்டுமே விற்கும் இணையதளம் ஒன்று. பெயர் சொல்லவில்லை. ஆர்டர் போட்டால் டயரை அவர்களுடைய கூட்டாளிக் கடைக்கு நேராக அனுப்பிவிடுவார்கள், நாம் காரை அங்கே கொண்டுபோனால் மாட்டி, பாலன்சிங் செய்து தருவார்கள். விலை மற்ற இடங்களை விடக் கொஞ்சம்தான் குறைவு. அடிமாட்டு விலை என்று சொல்லும்படி இருந்திருந்தால் நானே ஒதுங்கியிருப்பேன்.

என்னை நம்ப வைத்தது விலை இல்லை, தொலைபேசியில் பேசிய அந்த ஆள். விஷயம் தெரிந்தவர். காரின் பெயரைச் சொன்னதுமே பின் டயர் அளவை அவராகவே சொன்னார். டிராக்கில் ஓட்டுவதற்கென்றே செய்த டயர் ஒன்றைப் பற்றிக் கேட்டேன், அதுதான் இருப்பதிலேயே விலை அதிகம், அவர் நினைத்திருந்தால் அதையே என் தலையில் கட்டியிருக்கலாம். ஆனால் அவர், "தினமும் ஓட்டுற காருக்கு அது வேண்டாம் சார், பள்ளம் கம்மி, மழைத் தண்ணியில மிதக்கும், சூடேறாம பிடிக்கவும் பிடிக்காது" என்றார். உண்மைதானே? மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், கான்டினென்டல் ஸ்போர்ட் கான்டாக்ட் 7 மாதிரியான டயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பேசினார். முன்னால் என்ன டயர் இருக்கிறதோ அதே மாடல்தான் பின்னாலும் இருக்க வேண்டும், சைட்வாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், நட்சத்திரக் குறி இருப்பதாகவே பார்த்து எடுங்கள், அது பிஎம்டபிள்யூ தன் கார்களுக்கென்று சோதித்து ஒப்புக்கொண்ட டயர் என்பதற்கான அடையாளம் என்றார். அதுவும் சரி. போர்ஷேவுக்கு என்0, என்1 என்று இருப்பது போல பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம்.

தயாரிப்பு தேதி என்ன என்று கேட்டேன். கேட்டேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு அவர்கள் "நீங்கள் கேட்கவில்லை" என்றார்கள். அவர் உடனே படம் அனுப்பினார். டயரின் பக்கச் சுவரில் பதித்திருக்கும் அடையாள எண்ணான டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 3724. அதாவது 2024-ஆம் ஆண்டின் 37-ஆவது வாரம். வார்ப்பு அச்சிலிருந்து வரும் மெல்லிய ரப்பர் மயிர்கள்கூட நீட்டிக்கொண்டிருந்தன, புத்தம் புதிய டயர். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் பணம் கட்டினேன், முழுத் தொகையும், பாங்க் டிரான்ஸ்ஃபரில், அப்படிக் கட்டினால்தான் தள்ளுபடி என்றார்கள். இரண்டு மாதச் சம்பளம் ஒரே தட்டலில் போனது.

மாட்டும் கடையில் என்னை உள்ளே விடவில்லை. காப்பீட்டு விதி, வாடிக்கையாளர்கள் வேலை நடக்கும் இடத்துக்கு வரக்கூடாது, அங்கே உட்காருங்கள் என்றார்கள். டயர்களை மாட்டும் முன் ஒரு தரம் காட்டுங்கள் என்றேன். "பிரிச்சு ரெடியா வெச்சுட்டாங்க சார், வேலை ஓடிக்கிட்டு இருக்கு" என்று பதில் வந்தது. வண்டி வெளியே வந்தபோது டயர்கள் கறுப்புப் பாலிஷ் போட்டு மினுமினு என்று இருந்தன. சைட்வாலில் நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. தேதியைத் தேடினேன், வெளிப்பக்கம் இல்லை. பல டயர்களில் தேதியோடு கூடிய முழு டாட் எண் ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும், மாட்டும்போது அது உள்பக்கம் போய்விட்டால் வண்டியைத் தூக்காமல் படிக்க முடியாது. அதைக் கேட்டதற்கும், "படம் அனுப்பினாங்களே சார், அதே டயர்தான்" என்றார்கள்.

முதல் மழையிலேயே தெரிந்துவிட்டது. வளைவை விட்டு வெளியே வரும்போது மெதுவாகத்தான் ஆக்சிலரேட்டரைத் தொட்டேன், பின்பக்கம் வாலாட்டியது, சக்கரம் வழுக்கினால் எரியும் டிராக்‌ஷன் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. புது டயரின் மேல் வார்ப்பு அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும், முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும் என்பது தெரிந்த விஷயம், அதனால் பொறுத்தேன். ஆனால் நாளாக ஆகச் சரியாகவில்லை. வேகம் ஏறினால் ஸ்டீயரிங்கில் இல்லை, இருக்கைக்கு அடியில் அதிர்வு. அப்படி வந்தால் பெரும்பாலும் பின்சக்கரத்தில்தான் கோளாறு. எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ராம்பில் ஏற்றினோம்.

இடது டயர் 4319. வலது டயர் 1118. ஒன்று 2019 கடைசியில் செய்தது, இன்னொன்று 2018 மார்ச்சில். படத்தில் பார்த்த 3724 எங்கேயும் இல்லை. அதோடு போகவில்லை. இடது டயரில் 98ஒய் என்று இருக்கிறது, வலது டயரில் 94ஒய். எண் எடைக் குறியீடு, ஒய் வேக எழுத்து. 98 என்றால் ஒரு டயர் 750 கிலோ தாங்கும், 94 என்றால் 670 கிலோ. பின்னால் ஒரே அச்சில் இடமும் வலமுமாக 80 கிலோ வித்தியாசமுள்ள இரண்டு டயர்! நட்சத்திரமும் இடது டயரில் மட்டும்தான், நான் குனிந்து பார்த்த பக்கத்தில் மட்டும். பள்ளத்தின் ஆழத்தை அளந்தால் வலது டயரில் ஐந்து மில்லிமீட்டர் சொச்சம், இந்த வகை டயர் புதிதாக இருந்தால் ஏழரை, எட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதாவது யாரோ ஓட்டிக் கழற்றிய டயர். ரிம்மிலிருந்து கழற்றியபோது மெக்கானிக் எதுவும் பேசாமல் உள்பக்கத்தைக் காட்டினார். தோள்பட்டை ஓரத்தில், சைட்வால் ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு பஞ்சர் ஒட்டு. அந்த இடத்தில் ஒட்டுப் போடவே கூடாது. தரையில் படும் நடுப்பகுதியில் மட்டும்தான், அதுவும் சின்ன ஓட்டைக்கு மட்டும்தான் ஒட்டலாம், ஓரம் ஒவ்வொரு சுழற்சியிலும் வளைந்து நெளிகிற இடம், ஒட்டு எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடும். மணிக்கு 300 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று எழுத்துப் போட்ட டயரில் இந்த வேலையைச் செய்து, பாலிஷ் அடித்து, புதியது என்று விற்றிருக்கிறார்கள்.

டயர் பழசானால் என்ன, பள்ளம் இருக்கிறதே என்று யாராவது கேட்டால் அவர்களுக்கு: ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் கெட்டிப்படும், பிடிப்பு போகும். கார் தயாரிப்பாளர்கள் பலர் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கிறார்கள், டயர் தயாரிப்பாளர்கள் பலர் என்ன ஆனாலும் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டாதே என்கிறார்கள். 2013-இல் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்து ஞாபகம் இருக்கும். போர்ஷே கரேரா ஜிடி. விசாரணையில் முதல் காரணமாகச் சொன்னது அதிவேகத்தைத்தான், ஆனால் அந்தக் காரின் டயர்கள் ஒன்பது வருடம் பழையவை என்பதையும், அதனால் பிடிப்பு கெட்டிருக்கலாம் என்பதையும் அதே அறிக்கை பதிவு செய்தது. இவ்வளவு சக்தி உள்ள காரில் பழைய ரப்பர் சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. இணையதளத்தின் அரட்டைப் பெட்டியில் படங்களோடு எழுதினேன். "உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்" என்று வந்தது, அவ்வளவுதான். மறுபடி எழுதினால் வேறு ஒருவர், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொல்கிறார். விற்பனையாளரைக் கேளுங்கள் என்றார்கள். விற்பனையாளர், நாங்கள் சரியான டயரைத்தான் அனுப்பினோம், மாட்டும் கடையில் மாறியிருக்கும் என்றார். மாட்டும் கடையில், வந்ததை மாட்டினோம், தேதி பார்ப்பது எங்கள் வேலை இல்லை என்றார்கள். மூன்று பேரும் என்னைப் பந்தாடினார்கள். முன்பு அவ்வளவு அன்பாகப் பேசிய அந்த ஆளின் எண்ணுக்கு அழைத்தால் "மீட்டிங்கில் இருக்கிறார்", பிறகு "விடுமுறையில் இருக்கிறார்", பிறகு எடுப்பதே இல்லை. மேலாளர் என்று ஒருவர் கடைசியில் பேசினார். மாட்டிய டயரைத் திரும்ப எடுக்க விதி இல்லை என்றார். மாட்டாமல் உள்பக்கத்தை எப்படிப் பார்ப்பது, மாட்டும் முன் நீங்கள்தானே காட்டவில்லை என்று கேட்டதற்கு, "சார், டயர்ல தேதி பார்க்கிறவங்க ரொம்பக் கம்மி, நீங்க தேவையில்லாம டென்ஷன் ஆகுறீங்க" என்கிறார். அடுத்த முறை வாங்கும்போது பத்து சதவீதத் தள்ளுபடி தருகிறார்களாம். இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டு, அடுத்த முறை பத்து சதவீதம்! அந்த 3724 படத்தைக் காட்டினேன். "அது மாதிரிக்கு அனுப்பிய படம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இப்போது கார் நிற்கிறது. இன்னொரு ஜோடி வாங்க மறுபடி அதே தொகை வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். ரப்பர் வகை, தேய்மான மதிப்பெண், குளிரில் சம்மர் டயர் இறுகுவது எல்லாவற்றையும் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை, எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. அவசரத்துக்கு இவ்வளவு மட்டும். டாட் எண்ணை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், இரண்டு டயருக்கும் தனித்தனியாக, தராவிட்டால் வாங்காதீர்கள். மாட்டுவதற்கு முன் இரண்டு டயரையும் தரையில் வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள், உள்ளேயும் டார்ச் அடித்துப் பாருங்கள், "உள்ளே வரக்கூடாது" என்றால் டயரை வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். அளவு சரி என்றால் போதாது, எடைக் குறியீடும் வேக எழுத்தும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், உங்கள் கார்க் கதவு ஓரத்திலோ கையேட்டிலோ எழுதியிருப்பதற்குக் குறையக்கூடாது. பணத்தை கார்டில் கட்டுங்கள், தகராறு வந்தால் பாங்க் மூலம் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கும். கழற்றிய பழைய டயரையும் உடனே கொடுத்துவிடாதீர்கள்.

அந்த இரண்டு டயரையும் நான் தூக்கிப் போடவில்லை. எண்கள் தெரியும் படங்கள், பஞ்சர் ஒட்டின் படம், மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை, அரட்டைப் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகார் கொடுக்கப் போகிறேன். டயர் விற்கும் இணையதளத்தில் படம் ஒன்று, வந்த டயர் ஒன்று என்று மாட்டிக்கொண்டவர்கள் வேறு யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள், சேர்ந்து கொடுக்கலாம்.